ஆடாதவருக்கு அளிக்கும் விருது: அமெரிக்க பேஸ்போலும் ஆண்டின் சிறந்த முகாமையாளரும்

விளையாட்டுத் துறையில் வழங்கப்படும் பரிசுகளிற் பெரும்பாலானவை அளந்தறியத்தக்க திறமைகளுக்கு உரியவை. ஓடியவரின் வேகத்தை மணிக்கூடு காட்டிவிடும். பாய்ந்தவரின் உயரத்தை அளவுகோல் சொல்லிவிடும். துடுப்பாட்டக்காரர் பெற்ற ஓட்டங்களையும் பந்துவீச்சாளர் வீழ்த்தியவர்களின் தொகையையும் எவரும் எண்ணிப் பார்க்கலாம். ஆயின், ஐக்கிய அமெரிக்க மக்கள் தமது தேசிய விளையாட்டென உரிமையுடன் பேசும் பேஸ்போலில், பந்தைத் தொடாமலும் துடுப்பை ஏந்தாமலும் களத்தின் ஓரத்து வாங்கிலே அமர்ந்திருக்கும் ஒருவருக்கும் ஆண்டுதோறும் விருதொன்று வழங்கப்பட்டு வருகின்றது. அணியின் முகாமையாளருக்கு உரிய விருது அது. அவர் ஆற்றும் பணியை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்ற வினா அவ்விருது தோன்றிய நாள் முதல் அதனைப் பின்தொடர்ந்து வந்துள்ளது. விருது பெற்றோரின் பெயர்களைக் காட்டிலும் இவ்வினாவின் வரலாறே கூடுதலான அக்கறைக்குரியது.

கிரிக்கெட் ஆட்டத்திற் பழகியோர்க்கு பேஸ்போல் முகாமையாளரின் நிலை சற்று வியப்பளிக்கக்கூடும். கிரிக்கெட்டிலே பந்துவீச்சாளரை மாற்றுவதும் காப்பாளரை நிறுத்துவதும் களத்தினுள் நின்று ஆடும் அணித்தலைவரின் பொறுப்பு. பேஸ்போலில் அவ்வதிகாரம் முழுவதும் ஆடாது அமர்ந்திருக்கும் முகாமையாளரிடம் உள்ளது. ஒன்பது துடுப்பாட்டக்காரரையும் எவ்வொழுங்கில் அனுப்புவது, களைப்புற்ற பந்துவீச்சாளரை எப்பொழுது வெளியேற்றுவது, எவருக்குப் பதிலாக எவரை இறக்குவது என்பனவெல்லாம் அவர் முடிவே. ஒருமுறை வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்குதல் விதிக்கு மாறானது. ஆதலின் அவர் எடுக்கும் முடிவுகளுட் பல திருத்தமுடியாதவை. இத்தகைய முடிவுகளை ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களிலும் அவர் எடுத்தாக வேண்டும்.

இப்பதவி தோன்றிய காலத்தில் அதன் பொருள் வேறாயிருந்தது. 1869ஆம் ஆண்டிலே தன் ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் வழங்கிய முதல் அணியெனப் பெயர்பெற்றது சின்சினாற்றி றெட் ஸ்ரொக்கிங்ஸ் அணி. அதனை நடத்திய ஹரி றைற் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் பிறந்தவர். தொழில்முறைக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் மகன். தாமும் நியூயோர்க்கிற் கிரிக்கெட் ஆடி ஊதியம் பெற்றவர். ஆட்டங்களை ஒழுங்கு செய்தல், பயணத்துக்கு ஆயத்தம் செய்தல், வரவு செலவு பார்த்தல் ஆகியன அவர் கடமைகளுள் அடங்கின. முகாமையாளர் என்ற பெயரே வணிக உலகிலிருந்து வந்தது. பிற்காலத்தில் கணக்கும் ஒப்பந்தமும் பிறர் கைக்குச் சென்றுவிட, ஆட்டத்தை நெறிப்படுத்தும் கடமை மட்டும் எஞ்சியது; பெயர் மாறவில்லை.

பழைய தலைமுறையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பிலடெல்பியா அத்லெற்றிக்ஸ் அணியின் கொனி மக் ஆவார். 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டுகள் ஒரே அணியை நடத்திய அவர், ஏனைய முகாமையாளருட் பெரும்பாலானோர் ஆட்டக்காரரின் உடையையே அணிய, தாம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அமர்ந்திருந்தார். வாழ்நாளில் அவர் பெற்ற வெற்றிகள் 3,731, தோல்விகள் 3,948. வேறெந்த முகாமையாளரும் இத்துணை வெற்றி பெற்றதில்லை. இத்துணை தோல்வி கண்டதுமில்லை. ஐந்து முறை உலகத் தொடரை வென்ற அவரே பல ஆண்டுகள் தமது அணி கடைசி இடத்திற் கிடக்கவும் கண்டார். அணியின் உரிமையிற் பங்கு அவருக்கு இருந்தமையால் அவரை நீக்க எவருமில்லை. சிறந்த ஆட்டக்காரர் இருந்தபொழுது வென்றார். பணமுடையால் அவர்களை விற்றபொழுது தோற்றார். அவ்வாறாயின் முகாமையாளரின் திறமை என்பது எது? அணியின் வலிமையினின்றும் அதனைப் பிரித்தெடுப்பது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை காணும் முதற் குறிப்பிடத்தக்க முயற்சி பத்திரிகையுலகிலிருந்து வந்தது. சென்ற் லூயிஸ் நகரில் 1886ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்போட்டிங் நியூஸ்' என்ற வார இதழ் 1936இல் ஆண்டின் சிறந்த முகாமையாளரைத் தெரிவு செய்யத் தொடங்கிற்று. முதல் விருது நியூயோர்க் யாங்கீஸ் அணியின் ஜோ மக்கார்த்திக்குச் சென்றது. அவ்வாண்டு உலகத் தொடரை வென்றவரும் அவரே. ஆதலால் எவரும் குறைகூறவில்லை. ஆனால் மறு ஆண்டிலேயே ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1937இலும் மக்கார்த்தியின் அணியே உலகத் தொடரை வென்றிருக்க, விருது பொஸ்ரன் நகரின் நஷனல் லீக் அணியை நடத்திய பில் மக்கெக்னிக்கு அளிக்கப்பட்டது. எட்டு அணிகள் கொண்ட லீக்கிலே அவரது அணி பெற்ற இடம் ஐந்தாவது. எனினும் இரு ஆண்டுகளுக்கு முன்னர் அதே அணி 115 ஆட்டங்களிற் தோற்றிருந்தது. அத்தகைய அணி தோல்விகளிலும் மிகுதியான வெற்றிகளைப் பெற்றமையே ஒரு சாதனையாகக் கருதப்பட்டது போலும்.

மக்கெக்னிக்கு அளிக்கப்பட்ட அவ்விருதிலே பின்வந்த வரலாறு முழுவதற்கும் வித்து இருந்தது எனலாம். எவர் வென்றார் என்பதன்று, எவரிடம் எதிர்பார்த்ததற்கு மேலாகக் கிடைத்தது என்பதே அளவுகோலாயிற்று. 1949 முதல் 1960 வரை யாங்கீஸ் அணியை நடத்திய கேசி ஸ்ரெங்கல் அப்பன்னிரு ஆண்டுகளிற் பத்து முறை லீக் பட்டத்தையும் ஏழு முறை உலகத் தொடரையும் வென்றார். அக்காலத்தில் 'ஸ்போட்டிங் நியூஸ்' விருது அவருக்குக் கிடைத்ததோ மூன்று முறை மட்டுமே. முதன்முறை கிடைத்த 1949ஆம் ஆண்டு கவனிக்கத்தக்கது. அதற்குமுன் நஷனல் லீக்கில் ஒன்பது பருவங்கள் முகாமையாளராயிருந்து ஒருமுறையேனும் ஐந்தாம் இடத்திற்கு மேலே செல்லாதவர் அவர். கோமாளி என்று பலராலும் எண்ணப்பட்டவர் வென்றபொழுது வியப்பு மிகுந்தது. அவர் வெல்வது வழக்கமானபின் வியப்பும் குறைந்தது, விருதும் அருகிற்று.

இன்று பெரும் மதிப்புடன் நோக்கப்படுவது அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் வழங்கும் விருதாகும். 1908ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இச்சங்கம் சிறந்த ஆட்டக்காரருக்கு 1931 முதலும், சிறந்த புதுமுக ஆட்டக்காரருக்கு 1947 முதலும், சிறந்த பந்துவீச்சாளருக்கு 1956 முதலும் விருது வழங்கி வந்தது. முகாமையாளரைக் கௌரவிக்க அது முன்வந்தது 1983ஆம் ஆண்டிலேதான். இத்தாமதத்துக்குக் காரணம் முன்னர் கூறிய அளவீட்டுச் சிக்கலேயாதல் வேண்டும். அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கில் சிக்காகோ வைற் சொக்ஸ் அணியின் ரொனி லாருசாவும், நஷனல் லீக்கில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியின் ரொமி லசோர்டாவும் விருது பெற்றனர். லாருசா சட்டக் கல்வி கற்றுப் பட்டம் பெற்றவர் என்பது இங்கு ஒரு சுவையான செய்தி. வழக்காடும் மன்றத்தைத் துறந்து வாங்கில் அமர்ந்த அவர் பின்னர் மேலும் மூன்று முறை இவ்விருதைப் பெற்றார்.

தெரிவு முறை எளிமையானது. லீக்கில் அணியுள்ள ஒவ்வொரு நகரத்துக்கும் இரு எழுத்தாளர் வீதம் வாக்களிப்பர். ஒவ்வொருவரும் மூவரின் பெயரை வரிசைப்படுத்துவர். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 எனப் புள்ளிகள் வழங்கப்படும். 1996இல் அமெரிக்கன் லீக்கில் ஜோ ரோரியும் ஜொனி ஓற்ஸும் சமமான புள்ளி பெற்று விருதைப் பகிர்ந்துகொண்டனர். இவற்றுக்கெல்லாம் மேலாக நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு. உலகத் தொடருக்கு இட்டுச்செல்லும் இறுதிக்கட்ட ஆட்டங்கள் தொடங்குமுன்னரே வாக்குகள் ஒப்படைக்கப்படும். முடிவு மட்டும் அவை நிறைவெய்திய பின் நவம்பரில் வெளியாகும். எனவே பட்டத்தை வெல்வதும் இழப்பதும் விருதை எவ்வகையிலும் பாதிப்பதில்லை.

இதனால் விளையும் முரண்பாட்டுக்கு 2020ஆம் ஆண்டு தக்க சான்று. பெருந்தொற்றுக் காரணமாக 60 ஆட்டங்களாகக் குறுக்கப்பட்ட அப்பருவத்தில், குறைந்த செல்வமுள்ள தம்பா பே அணி கெவின் காஷின் கீழ் 40 ஆட்டங்களில் வென்று உலகத் தொடர்வரை சென்றது. தொடரின் ஆறாம் ஆட்டத்தில் அவ்வணி ஒரு ஓட்டத்தால் முன்னணியில் நிற்க, அதன் பந்துவீச்சாளர் பிளேக் ஸ்னெல் ஒன்பது பேரைப் பந்தடிக்கவிடாது வெளியேற்றி மிகச் சிறப்பாக வீசிக்கொண்டிருந்தார். 73 பந்துகள் மட்டும் வீசியிருந்த நிலையில் காஷ் அவரை வெளியேற்றினார். அதே பகுதியில் எதிரணி முன்னணிக்கு வந்தது. ஆட்டமும் தொடரும் பறிபோயின. முகாமையாளர் எடுத்த அம்முடிவு நாடெங்கும் கண்டிக்கப்பட்டுக் கொண்டிருக்கையில், இரு வாரங்களின்பின் அவரே ஆண்டின் சிறந்த முகாமையாளர் என்ற அறிவித்தல் வந்தது. வாக்களித்தோர் தவறிழைத்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் அளந்தது வேறு; மக்கள் கண்டது வேறு.

எதிர்பார்ப்பை அளவுகோலாகக் கொள்ளும் இப்போக்கு 1991இல் மிகத் தெளிவாகத் தென்பட்டது. முந்திய ஆண்டில் தத்தம் பிரிவுகளிற் கடைசி இடத்தைப் பெற்றிருந்த மினசோற்றாவும் அற்லாண்டாவும் அவ்வாண்டு உலகத் தொடரில் ஒன்றையொன்று எதிர்கொண்டன. இரு லீக் விருதுகளும் அவ்விரு அணிகளின் முகாமையாளரான ரொம் கெலிக்கும் பொபி கொக்ஸுக்கும் சென்றன. அதன்பின் கொக்ஸ் அற்லாண்டாவை ஆண்டுதோறும் பிரிவுப் பட்டத்துக்கு இட்டுச் சென்றார். 1994இல் வேலைநிறுத்தத்தால் முடிவுறாத பருவத்தை நீக்கிப் பார்ப்பின் 2005 வரை தொடர்ந்து பதினான்கு பட்டங்கள்! இடையில் 1995இல் உலகத் தொடரையும் வென்றார். ஆயினும் 1992 முதல் 2003 வரை ஒருமுறையும் இவ்விருது அவருக்குக் கிடைக்கவில்லை. புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சிலர் நீங்கி, அணி தளர்ந்துவிடும் என்று பலரும் எழுதிய 2004இலும், இளைஞர் பலரை இறக்கிய 2005இலும் மீண்டும் கிடைத்தது. புரூஸ் போச்சி சன் டியாகோ அணிக்காக 1996இல் ஒருமுறை விருது பெற்றார். பின்னர் சன் பிரான்சிஸ்கோவில் 2010, 2012, 2014 ஆகிய ஆண்டுகளிலும் ரெக்சாஸில் 2023இலும் உலகத் தொடரை வென்றார்; அந்நான்கு ஆண்டுகளிலும் விருது பிறர்க்கே சென்றது. பொஸ்ரன் அணியின் 86 ஆண்டுக் காத்திருப்பை 2004இல் முடித்துவைத்த ரெறி பிராங்கோனாவுக்கு அந்நகரில் இருந்த காலத்தில் ஒருமுறையும் இது கிட்டவில்லை. கிளீவ்லாந்து சென்றபின் மூன்று முறை கிட்டியது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. பருவத் தொடக்கத்தில் எவ்வணி எவ்விடத்தைப் பெறும் என்று ஊகித்து எழுதுவோர் பத்திரிகையாளர். பருவ இறுதியில் வாக்களிப்போரும் அவர்களே. ஓர் அணி ஊகத்தைப் பொய்ப்பிக்கும்போது, ஊகம் தவறானது என்று கொள்வதற்கும் முகாமையாளர் வித்தகர் என்று கொள்வதற்கும் இடமுண்டு. முன்னையதை எழுதுவது எவருக்கும் இனிப்பதன்று. தம் ஊகம் பிழைத்தமைக்கு எழுத்தாளர் செலுத்தும் அபராதமே இவ்விருது என்று கூறின் அது முற்றும் மிகையாகாது.

இதனை வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு யப்பான் எடுத்துக்காட்டாகும். அங்கு 1977 முதல் வழங்கப்படும் மற்சுற்றாரோ ஷோரிக்கி விருது ஆட்டக்காரருக்கும் உரியதாயினும், பெரும்பாலும் அந்நாட்டின் இறுதித் தொடரை வென்ற முகாமையாளருக்கே சென்று வந்துள்ளது. வென்றவரைக் கௌரவிக்கும் முறை அது. அதிற் சச்சரவு குறைவு, ஆராய்ச்சியும் குறைவு.

எழுத்தாளரின் மதிப்பீடு அவ்வாறிருக்க, அணி உரிமையாளரின் மதிப்பீடு முற்றிலும் வேறாயிருந்த வேளைகளும் உண்டு. 1997இல் போல்ரிமோர் ஓரியோல்ஸ் அணியை 98 வெற்றிகளுக்கு இட்டுச்சென்ற டேவி ஜோன்சன் உரிமையாளருடன் ஏற்பட்ட பிணக்கினாற் பதவி விலகிய அதே நாளில் அவருக்கு விருது அறிவிக்கப்பட்டது. 2006இல் ஜோ ஜிராடியின் கதை இன்னும் விநோதமானது. மிகக் குறைந்த சம்பளம் பெறும் இளைஞரைக் கொண்ட புளோரிடா மார்லின்ஸ் அணியை அவர் 78 வெற்றி, 84 தோல்வி என்ற அளவில் நிறுத்தினார். நஷனல் லீக் விருது அவருக்குக் கிடைத்தபொழுது அவர் ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். பக் ஷோவோல்ரர் 1994, 2004, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு அணிகளுக்காக விருது பெற்றவர். கொக்ஸும் லாருசாவும் மட்டுமே அவரோடு ஒப்ப நான்கு முறை பெற்றோர். ஆனால் உலகத் தொடர் அவருக்கு என்றுமே வாய்க்கவில்லை. அவர் நீங்கிய மறு ஆண்டே யாங்கீஸ் அணி 1996இலும் அரிசோனா அணி 2001இலும் பட்டம் வென்றன. உழுதவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர் என்றே சொல்லவேண்டும்.

இதுவரை கூறியவை எல்லாம் பதவியைப் பெற்றுவிட்டவர்களைப் பற்றியன. அப்பதவியை அடையவே இயலாதிருந்தோரை எண்ணும்போதுதான் விருதின் வரலாறு சமூக வரலாறாகின்றது. 'ஸ்போட்டிங் நியூஸ்' விருது தொடங்கிய 1936இல் பெரும் லீக்குகளிற் கறுப்பினத்தவர் ஒருவரும் ஆட அனுமதிக்கப்பட்டதில்லை. கறுப்பினத்தவர்க்கெனத் தனியே இயங்கிய லீக்குகளில் றூப் பொஸ்ரர் போன்ற பேராற்றல் வாய்ந்த முகாமையாளர் இருந்தனர். எழுத்தாளரின் பட்டியல்களில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 1947இல் ஜக்கி றொபின்சன் புறூக்ளின் அணியில் இறங்கித் தடையை உடைத்தார். ஆடும் உரிமை கிடைத்தது. ஆட்டுவிக்கும் உரிமை கிடைக்க மேலும் 28 ஆண்டுகள் சென்றன. கன்சாஸ் சிற்றி மொனாக்ஸ் அணியை ஆண்டுக்கணக்காக நடத்திய பக் ஓநீலை 1962இற் சிக்காகோ கப்ஸ் அணி பயிற்றுநராக அமர்த்தியது. பெரும் லீக்கில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அதற்குமேல் அவருக்கு வழி திறக்கவில்லை. 1972 அக்டோபரில் சின்சினாற்றி நகரில் உலகத் தொடரின்போது கௌரவிக்கப்பட்ட ஜக்கி றொபின்சன், நன்றி கூறியதோடு நில்லாமல், கறுப்பின முகாமையாளர் ஒருவரைக் காணும் நாளையே தாம் எதிர்பார்ப்பதாகவும் அம்மேடையிலே சொன்னார். ஒன்பது நாட்களின்பின் அவர் காலமானார்.

அந்நாள் 1975 ஏப்ரல் 8ஆந் திகதி வந்தது. கிளீவ்லாந்து அணியின் ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் ஒருங்கே இறங்கிய பிராங்க் றொபின்சன் தமது முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார், அணியும் வென்றது. இரு லீக்குகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்ற முதல்வர் என்ற பெருமை ஏற்கெனவே அவருக்கு உண்டு. ஆயினும் 1977இல் அவர் நீக்கப்பட்டார். பின்னர் சன் பிரான்சிஸ்கோவில் அமர்த்தப்பட்டு 1984இல் அங்கும் நீக்கப்பட்டார். இடையில் லரி டோபியும் மோரி வில்சும் சிறிது காலம் இப்பதவியை வகித்தனர். 1987 ஏப்ரலில், ஜக்கி றொபின்சன் தடையை உடைத்த நாற்பதாம் ஆண்டு நினைவாக ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அவர் ஆடிய அதே டொட்ஜர்ஸ் அணியின் உயரதிகாரி அல் கம்பானிஸ் தோன்றினார். கறுப்பின முகாமையாளர் ஏன் இல்லை என்று வினவப்பட்டபோது, அப்பதவிக்கு வேண்டிய சில தகுதிகள் அவர்களிடம் இல்லாதிருக்கலாம் என்று விடையளித்தார். நாடு கொதித்தது, அவர் பதவி துறந்தார். அவ்வேளையிற் பெரும் லீக் அணிகளில் ஒரு கறுப்பின முகாமையாளரேனும் இருக்கவில்லை என்பதே அவ்விடையிலும் கசப்பான செய்தி.

இப்பின்னணியில் 1988, 1989 ஆகிய இரு பருவங்களும் தனிக் கவனத்துக்குரியன. 1988இல் போல்ரிமோர் ஓரியோல்ஸ் அணி முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றவுடன் அதன் முகாமையாளர் கல் றிப்கன் நீக்கப்பட்டார். அவருடைய புதல்வர் இருவர் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தனர். அவ்விடத்துக்கு அழைக்கப்பட்டவர் பிராங்க் றொபின்சன். அவர் வந்தபின்னும் தோல்வி நிற்கவில்லை. மேலும் பதினைந்து ஆட்டங்கள் பறிபோயின. பருவத் தொடக்கத்தில் 21 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற அணி வேறில்லை. ஏப்ரல் 29இற் சிக்காகோவில் முதல் வெற்றி கிட்டியது. பருவ இறுதியில் வெற்றி 54, தோல்வி 107. அணியின் பெயர்பெற்ற துடுப்பாட்டக்காரர் எடி மறேயும் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டு இவ்வணி என்ன செய்யும் என்பதைப் பற்றி எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

1989இல் அதே அணி கோடைகாலத்தின் பெரும்பகுதி முதலிடத்தில் நின்றது. புகழ்பெறாத இளைஞர், நேர்த்தியான களத்தடுப்பு, அவர்களைத் தளரவிடாத முகாமையாளர் ஆகிய இவையே அதன் முதல். அதே பிரிவில், ஆற்றல் மிக்க ஆட்டக்காரர் பலரைக் கொண்டிருந்த ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி முதல் 36 ஆட்டங்களில் 12இல் மட்டும் வென்று தடுமாறிற்று. மே மாதத்தில் முகாமையாளர் நீக்கப்பட்டு, துடுப்பாட்டப் பயிற்றுநராயிருந்த சிற்றோ காஸ்ரன் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். அவரும் கறுப்பினத்தவர். ஜூனில் இவ்விரு அணிகளும் சந்தித்தபொழுது, பெரும் லீக் வரலாற்றில் முதன்முறையாக இரு கறுப்பின முகாமையாளர் எதிரெதிரே அமர்ந்தனர். கம்பானிஸின் பேச்சு ஒலித்து இரு ஆண்டுகளே கடந்திருந்தன.

பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களும் ரொறன்ரோவில் இவ்விரு அணிகளுக்கும் இடையிலேயே நிகழ்ந்தன. போல்ரிமோர் ஓர் ஆட்டம் பின்தங்கியிருந்தது. செப்டெம்பர் 29ஆந் திகதி ஆட்டத்திற் போல்ரிமோர் முன்னணியில் நிற்க, எட்டாம் பகுதியில் அதன் இளம் பந்துவீச்சாளர் வீசிய பந்தொன்று பிடிபடாது விலகி ஓடிற்று; ஓட்டம் சமனாயிற்று. பதினோராம் பகுதியில் ரொறன்ரோ 2-1 என வென்றது. மறுநாள் 4-3 என வென்று பிரிவுப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. முடிவிற் ரொறன்ரோ 89, போல்ரிமோர் 87.

விருது பிராங்க் றொபின்சனுக்குச் சென்றது. அதனைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவர். அதற்கு அவர் முற்றிலும் தகுதியானவர். 54இலிருந்து 87க்கு ஓர் அணியை உயர்த்துதல் எளிதன்று. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். காஸ்ரன் பொறுப்பேற்றபின் ரொறன்ரோ ஆடிய 126 ஆட்டங்களில் 77இல் வென்றது. நூற்றுக்கு 61 என்பது அவர் வீதம். றொபின்சனின் வீதம் 54. சீர்குலைந்த அணியை நடுவழியில் ஏற்று நிமிர்த்தி, நேருக்கு நேர் மோதியபோதும் வென்றவர் காஸ்ரனே. எனினும் ரொறன்ரோ வெல்லக்கூடிய அணி என்று எழுத்தாளர் முன்னரே எழுதியிருந்தனர். வெல்லவேண்டியவர் வென்றார் என்று அது கணக்கிடப்பட்டது.

அக்கணக்கு அதன்பின் மாறவேயில்லை. 1991, 1992, 1993 ஆகிய ஆண்டுகளிலும் காஸ்ரன் பிரிவுப் பட்டம் வென்றார். 1992இல் உலகத் தொடரை வென்ற முதற் கறுப்பின முகாமையாளரானார். அங்கு அவர் தோற்கடித்த அற்லாண்டா அணியின் பொபி கொக்ஸ்தான் பத்தாண்டுகளுக்குமுன் அவரை ரொறன்ரோவுக்குப் பயிற்றுநராக அழைத்தவர். 1993இல் மீண்டும் வென்றார். 1992ஆம் ஆண்டின் அமெரிக்கன் லீக் விருது ஓக்லாந்தின் லாருசாவுக்கும், 1993ஆம் ஆண்டினது சிக்காகோவின் ஜீன் லமொன்ருக்கும் வழங்கப்பட்டன. 1992இல் ரொறன்ரோவும் ஓக்லாந்தும் பெற்ற வெற்றிகள் சமம்: 96. 1993இற் ரொறன்ரோவுக்கு 95, சிக்காகோவுக்கு 94. அவ்விரு ஆண்டுகளிலும் லீக் இறுதித் தொடரிற் காஸ்ரனின் அணி எதிர்கொண்டது விருது பெற்றவரின் அணியையே. இருமுறையும் 4-2 என வென்றது. வாக்குப்பெட்டி அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தது.

இதனை நிறபேதத்தின் விளைவென்று மட்டும் கூறிவிடுவது அவசர முடிவாகும். வலிய அணிகளை நடத்திய வெள்ளையரான போச்சிக்கும் பிராங்கோனாவுக்கும் இதே நேர்ந்தது. 1993ஆம் ஆண்டின் நஷனல் லீக் விருது கறுப்பினத்தவரான டஸ்ரி பேக்கருக்குச் சென்றது என்பதையும், மறு ஆண்டு டொமினிக்கன் குடியரசிற் பிறந்த பெலிப்பே அலு மொன்றியலில் 74 வெற்றி, 40 தோல்வி என்று முன்னணியில் நின்று, வேலைநிறுத்தத்தாற் பருவம் அறுபட்டபோதும் விருது பெற்றார் என்பதையும் மறைத்தலாகாது. ஆனால் ஒரே அளவுகோல் எல்லோருக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. விருது பெறாத போச்சிக்கு அடுத்த வேலை காத்திருந்தது. பதவி இழந்தோருக்கு மறுவாய்ப்பு வழங்குகையில் உரிமையாளர் நாடும் நற்சான்றுகளுள் இவ்விருதும் ஒன்று. மறுவாய்ப்பு அரிதான ஒரு கூட்டத்தினருக்கு அச்சான்றின் மதிப்பு மிகப் பெரிது. வெற்றிடம் ஏற்படுகையிற் சிறுபான்மையினரையும் கருத்திற்கொள்ள வேண்டுமென்று அணிகளுக்கு லீக் நிருவாகம் 1999இற் பணிப்புரை விடுக்க நேர்ந்தமை அந்நாளைய நிலைமையைக் காட்டும்.

1997 செப்டெம்பரிற் பருவம் முடிய ஐந்து ஆட்டங்களே இருக்கையிற் காஸ்ரன் நீக்கப்பட்டார். இரு முறை உலகத் தொடரை வென்றிருந்த அவரை வேறெந்த அணியும் முகாமையாளராக ஏற்கவில்லை. 2008 ஜூனில் மீண்டும் அழைத்ததும் ரொறன்ரோவே; அப்பொழுது அவருக்கு வயது 64. 2010ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் அவர் ஓய்வுபெற்றார். ஆண்டின் சிறந்த முகாமையாளர் பட்டியலில் 1992க்கு நேரே லாருசாவின் பெயரும் 1993க்கு நேரே லமொன்ரின் பெயரும் உள்ளன. காஸ்ரனின் பெயர் அதில் எங்கும் இல்லை.